ஊர்க்குறை தீர்க்கும் அறிவும் அறமும்

திருப்பாச்சூர் முற்காலத்தில் மூங்கிற்காடாக இருந்தது என்றும், பாசு என்னும் சொல் மூங்கிலைக் குறிப்பதால் ஊருக்கு இப்பெயர் வாய்த்தது என்றும் பெரியோர் கூறுவர். மூங்கில் இளமையில் வளைத்த வழியே வளையும். முற்றிய பின் வளைத்தால் பிளக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்னும் பழமொழி உணர்த்துவதும் இதனையே. ஊர்ப்பணிக்கு இளைஞரைப் பயிற்றுவிக்க வேண்டும் என்னும் எண்ணம் இன்று பல இடங்களிலும் பரவி வருகின்றது. குறையைக் கண்டறிக, புதுவழி காண்க, விரைந்து முடிக்க என்று அவர்களுக்குக் கற்பிக்கின்றனர். இது மகிழத்தக்கதே. ஆயினும் இளமூங்கிலை எப்பக்கம் வளைக்கின்றோம் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊர்க்குறையைத் தீர்ப்பதற்குக் கூரிய அறிவு ஒன்றே போதுமா? நற்பயன் விளைந்துவிட்டால் அது விளைந்த வழியைப் பற்றி ஆராய வேண்டாவா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே நம் நோக்கம்.

ஒரு குழாயடியை மனக்கண்முன் கொண்டு வருவோம். வழிந்த நீர் தேங்கிச் சேறாகிறது, கொசு பெருகுகிறது. பொறியியல் பயிலும் இளைஞர் நால்வர் வந்து, உறிஞ்சுகுழி தோண்டிக் கல்லும் மணலும் நிரப்புகின்றனர். ஒரு வாரத்தில் சேறு மறைகிறது. நிழற்படம் எடுக்கப்படுகிறது, பாராட்டும் கிடைக்கிறது. ஆறு திங்கள் கழித்துச் சென்று பார்த்தால் குழி அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே பாத்திரம் துலக்கும் பெண்கள் கழுவிவிட்ட சோற்றுப் பருக்கைகளும் எண்ணெய்ப் பிசுக்கும் மணலின் கண்களை மூடிவிட்டன. குழிக்கு முன்னால் சிறு வடிகட்டும் தொட்டி ஒன்று அமைத்து, வாரந்தோறும் தூர் வாரியிருந்தால் இந்நிலை நேர்ந்திராது. ஆனால் அவ்விடத்தில் நாள்தோறும் புழங்குவோரை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. தூர் வாருபவர் யார் என்பதும் பேசப்படவில்லை.

இதனினும் கொடியதொரு தீர்வும் உண்டு. கால்வாய் ஒன்றை வெட்டி, அக்கழிவுநீரைத் தாழ்வான பகுதியில் உள்ள தெருவுக்குத் திருப்பிவிடலாம். குழாயடி தூய்மையாகிவிடும். குறையோ தீரவில்லை, குரல் எழுப்ப இயலாதவர் வீட்டு வாயிலுக்கு இடம் மாறியது. அறிவு கூர்மையாக இருந்து அறம் மழுங்கியிருந்தால் நேர்வது இதுவே.

ஆகவே, ஒரு புதுவழியை மதிப்பிடும்பொழுது அது வேலை செய்கின்றதா என்பதோடு நிறுத்திக்கொள்ளலாகாது. அது யாருக்காக, யார் கையில், எத்துணைக் காலம் வேலை செய்யும் என்றும் வினவுதல் வேண்டும். இவ்வகையில் காந்தியடிகள் காட்டிய முன்மாதிரி ஒன்று உண்டு. 1929-ஆம் ஆண்டில், மேம்படுத்தப்பட்ட கைராட்டையை உருவாக்குவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று அகில பாரத சர்க்கா சங்கம் அறிவித்தது. அந்நாளில் அது பெருஞ்செல்வம். அப்பரிசினும் பெரியவை அதற்கு விதித்த நிபந்தனைகள். ராட்டையின் விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. சிற்றூர்க் குடிசையில் ஒரு பெண் 8 மணி நேரம் மிகுந்த களைப்பின்றி இயக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். 20 ஆண்டுகள் உழைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஆகும் பழுதுபார்ப்புச் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாது. இவை பொறியியல் அளவுகள் போலத் தோன்றினும், உண்மையில் அறத்தின் அளவுகளாகும். உழைக்கும் பெண்ணின் தோள்வலியையும், ஏழையின் பணப்பையையும், ஆக்கியோன் சென்ற பின்னரும் அக்கருவி வாழவேண்டிய காலத்தையும் அவை முன்னரே கணக்கில் கொண்டன. பிற்காலத்தில் தமிழகத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் அமைத்த ராட்டை, அவர் பெயரின் ஒரு பகுதியைத் தாங்கி, அம்பர் சர்க்கா என நாடெங்கும் வழங்கலாயிற்று.

புதுமை எங்கிருந்து வருகின்றது என்பதும் அறத்தைச் சார்ந்த வினாவே. படித்தவர் கண்டு கொடுப்பர், பாமரர் பெற்றுக்கொள்வர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அகமதாபாத்திலிருந்து பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலையமைப்பு இவ்வெண்ணத்தை மறுத்தது. உழவரும் கைவினைஞரும் தாமே கண்ட நுட்பங்களைத் திரட்டி, கண்டவர் பெயரையும் ஊரையும் மறவாது குறித்து, அவரவர் மொழியிலேயே திருப்பி அளிப்பது அதன் கொள்கை. மதுரையிலிருந்து வெளிவந்த ‘நம் வழி வேளாண்மை’ என்னும் இதழ் இப்பணியைத் தமிழில் ஆற்றியது. நாம் தேனை விலக்குபவர். எனினும் வண்டின் ஒழுக்கம் நமக்குப் புதிதன்று. மலரை வருத்தாது உணவு கொள்ளும் வண்டுக்குத் துறவியரின் உணவேற்பை ஒப்பிடுவது நம் முன்னோர் மரபு. ஊரிடமிருந்து செய்தியையும் அறிவையும் பெறும் இளைஞனும் அவ்வாறே பெறுதல் வேண்டும். கொடுத்தவரை மறைத்துத் தன் பெயரைப் பொறித்துக்கொள்வானாயின், அவன் செய்தது பணியன்று, பறிப்பு.

இனி, நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். பூந்தமல்லி ஒன்றியத்தைச் சேர்ந்த குத்தம்பாக்கம், 1996-இல் அந்நாளைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது, 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபொழுது இதில் அடங்கியது. அவ்வூரில் பிறந்த இளங்கோ ரங்கசாமி வேதிப் பொறியியல் பயின்று, மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றியவர். அப்பணியைத் துறந்து ஊருக்குத் திரும்பினார். 1996-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சித் தலைவரானார். 2001-இல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு 2006 வரை பொறுப்பில் இருந்தார். கள்ளச்சாராயமும் சாதிப் பூசலும் நிலைகொண்டிருந்த ஊர் அது.

ஊருக்குக் கழிவுநீர் வடிகால் அமைக்க வேண்டியிருந்தபொழுது, கருங்கல் மெருகேற்றும் ஆலைகள் கழித்த கற்களைக் கொண்டு அதனைக் கட்டினார். செலவு பெரிதும் குறைந்தது. உள்ளூரார்க்கு வேலையும் கிடைத்தது. ஆனால் ஒப்புதல் பெற்ற திட்டத்தில் குறித்த பொருள் வேறு, பயன்படுத்திய பொருள் வேறு. விதிமுறையினின்றும் விலகினார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் அவர் சில காலம் பதவியினின்றும் நிறுத்திவைக்கப்பட்டார். கிராம சபை திரண்டு அவர் பக்கம் நின்றது. பின்னர் அவர் மீண்டும் பொறுப்பேற்றார்.

இக்கதையைக் கேட்கும் இளைஞர், விதி என்பது தடை, அதனை மீறுவதே துணிவு என்று எளிதில் முடிவு கட்டிவிடுவர். அது தவறான பாடம். விதியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஊராட்சித் தலைவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி பொருளை மாற்றலாம் என்றால், நல்லவர் ஒருவர் கல்லை மாற்றிச் செலவைக் குறைக்க, வேறு பலர் சிமெண்டைக் குறைத்துப் பையை நிரப்புவர். ஊர்ப்பணத்துக்கு இட்ட வேலி அவ்விதி. வேலியைத் தாண்டுவோர் இருவருள் ஒருவர் காவலர், மற்றவர் கள்வர் என்பதைப் பிரித்தறிவது எங்ஙனம்? விளைவைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். ஒளிவின்மை ஒன்றே முதல் அடையாளம். செய்வதை ஊரார் முன் சொல்லிச் செய்தல், கணக்கை எவரும் புரட்டிப் பார்க்க விடுதல், கேள்வி வந்தால் விடை கூறுதல், தண்டனை வந்தால் ஓடி ஒளியாமை ஆகியவை உடையவரே விதியின் குறையைச் சுட்டிக்காட்டும் தகுதி பெறுகின்றனர்.

இங்கு வேறொரு தடை எழும். ஊர் கூடி ஒப்பினால் அது அறமாகிவிடுமா? ஆகாது. பெரும்பாலோர் கைதூக்கியமையால் தீமை நன்மையாவதில்லை. ஒரு சாராரைப் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கலாகாது என்று தடுத்த ஊர்களும் கூடிப் பேசியே அதனைச் செய்தன. எனவே, சபையில் எத்தனை பேர் ஒப்பினர் என்பதோடு, கடைசி வரிசையில் அமர்ந்தவர் பேசினாரா, அவர் பேச்சு ஏறிற்றா என்றும் காணல் வேண்டும். குத்தம்பாக்கத்துச் சமத்துவபுரம் இவ்வகையில் எண்ணத்தக்கது. தாழ்த்தப்பட்டோர் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் அடுத்தடுத்து வாழும் வண்ணம் அங்கு இரட்டை வீடுகள் அமைக்கப்பட்டன. நடுச்சுவர் இருவர்க்கும் பொது. அழுத்திச் செய்த மண்கற்களைக் கொண்டு வீடு கட்டியது கைத்திறன். யாருக்கு யார் அண்டை வீட்டார் ஆதல் வேண்டும் என்று துணிந்ததோ அறம். முன்னது மட்டும் இருந்திருப்பின், மலிவான வீடுகளில் பழைய பிரிவினையே குடியேறியிருக்கும்.

இளங்கோ பின்னர் ஊராட்சித் தலைவர்களைப் பயிற்றுவிக்கும் பொருட்டு ஊராட்சிப் பயிலகம் ஒன்றை நிறுவினார். செய்து கற்றவர், செய்ய விழைவோர்க்குக் கற்பிக்கும் முறை இது. நம் இளைஞர்க்கும் இத்தகைய பயிற்சியே வேண்டும். திருப்பாச்சூரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும், காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளும் விரைந்து மாறிவரும் பகுதிகள். குப்பையும் கழிவுநீரும், வேலை தேடி வந்தோரின் குடியிருப்பும் நாள்தோறும் புதிய வினாக்களை எழுப்புகின்றன. விடை காணும் அறிவு நம் பிள்ளைகளிடம் உண்டு. விடை கூறும் பொறுப்பையே நாம் பழக்குதல் வேண்டும்.

அதற்கு வழிகள் அரியன அல்ல. பயிற்சியின் முதல் திங்களில் எதனையும் கட்டாது, ஊராரிடம் கேட்டு எழுதி வரச் செய்யலாம். தமிழகத்தில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூட வேண்டும் என்று வகுக்கப்பட்டுள்ளது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய அந்நாள்களில் இளைஞர் சென்று அமர்ந்து, வரவு செலவுக் கணக்கை வாசிக்கக் கேட்டு, புரியாததை வினவப் பழகலாம். தாம் செய்த பணியின் கணக்கையும் அச்சபையிலேயே வைக்கலாம். தவறியதை மறையாது கூறுவோரை நாம் இகழாது தட்டிக்கொடுத்தல் வேண்டும். இன்றேல் அடுத்த முறை மறைக்கக் கற்றுக்கொள்வர்.

நம் சங்கங்கள் இளைஞர்க்குப் பரிசளிக்கும் வழக்கம் உடையன. அப்பரிசைப் பணி முடிந்த நாளில் வழங்காது, ஓராண்டு கழித்து வழங்குவோம். அன்று குழாயடிக்குச் சென்று, குழி நீரை உறிஞ்சுகின்றதா, தொட்டி தூர் வாரப்பட்டுள்ளதா, தாழ்வான தெரு உலர்ந்திருக்கின்றதா என்று நேரிற் காண்போம். அங்குப் பாத்திரம் துலக்கும் தாய்மார்களையே வினவுவோம். அவர்கள் நன்று என்றால், அவர்கள் கையாலேயே பரிசை அளிக்கச் செய்வோம்.