துகிலும் கட்டியங்காரனும்

பிறர் துன்பப்படும்போது சிரிப்பது தவறு என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தெருக்கூத்தில் துகில் நாடகம் பார்த்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பற்றிச் சபைக்கு இழுத்து வருகிற அதே நேரத்தில், பக்கத்தில் நின்று கட்டியங்காரன் பேசிக்கொண்டிருக்கிறான். ஜனங்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இந்தச் சிரிப்பை என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

நம் விமர்சகர்களில் ஒரு சாரார் இதைப் பாமர ரசனைக்கு விட்டுக்கொடுத்தல் என்று ஒதுக்கினார்கள். 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியதைச் சுற்றிய காலத்தில், கூத்தை நவீன நாடகத்தின் ஆதாரமாகப் பார்க்கும் பார்வை நமக்கு வந்தது. அதன்பின் இன்னொரு சாரார் பிரெக்ட்டின் பெயரைச் சொல்லி, கட்டியங்காரன் பார்வையாளனைக் கதையிலிருந்து விலக்கிச் சிந்திக்க வைக்கிறான் என்றார்கள். இரண்டு சாராரும் ஒன்றைச் செய்யவில்லை. அந்த வேஷத்தைப் போடுகிறவனுக்கு இதில் ஏதாவது உறுத்தல் உண்டா என்று அவனிடம் கேட்கவில்லை. நானும் கேட்டவனில்லை. கேட்க நேர்ந்தது தற்செயல்.

ஆறேழு வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம் பசியாவரத்துக்குப் போனேன். பழவேற்காட்டிலிருந்து ஏரிக்குள் படகில். என் கவுண்டருக்கு வருகிற மீன் வியாபாரி ஒருவர் ஊர் அம்மன் திருவிழாவுக்கு அழைத்திருந்தார். கூத்துக்குழு மேற்கேயிருந்து வந்தது. வேஷப் பெட்டிகளும் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒரு படகில், ஆட்கள் இன்னொரு படகில். அன்றிரவு துகில்.

சூதாட்டக் கட்டம் வந்தது. எல்லோரும் பணயம் வைக்கிறார்களே, நீ என்ன வைக்கிறாய் என்று துரியோதனன் கட்டியங்காரனைக் கேட்டான். “எங்கிட்ட இன்னா கீது ராஜா? ஒரு முகத்துவாரம் கீது. அதுவும் மண்ணு மூடிக்கிச்சி.” ஊர் குலுங்கிச் சிரித்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள வாய் மணல் மூடிப்போவதும், மூடினால் ஏரியில் மீன்வரத்துக் குறைவதும் அந்த ஜனங்களின் அன்றாடக் கவலை. அவர்கள் வேறு யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. தொடர்ந்து ஸ்ரீஹரிக்கோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்பதைப் பற்றி ஒன்று. துரியோதனன் அவன் முதுகில் ஓர் அறை வைத்தான். அதற்கும் சிரிப்பு.

பிறகு துகில். கூத்தில் இந்தக் கட்டம் வெறும் நாடகம் அல்ல. திரௌபதிக்குக் கற்பூரம் காட்டி, துச்சாதனன் வேஷக்காரர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகே சேலையில் கை வைத்தார். அந்தக் கற்பூரத்துக்கும் அடுத்த அழுகைக்கும் நடுவில் கட்டியங்காரன் வாய் ஓயவில்லை.

விடிந்ததும் திரும்புகிற படகில் அவர்களோடு உட்கார்ந்தேன். அந்தக் குழுவில் கட்டியங்காரன் வேஷத்துக்கு இரண்டு பேர். ராத்திரியின் முற்பகுதிக்கு ஓர் இளைஞன். துகில் நெருங்கும்போது வாத்தியாரே வேஷம் கட்டிக்கொண்டு இறங்குகிறார். அறுபதைத் தாண்டியவர். ஏன் இப்படி மாற்றிக்கொள்கிறீர்கள் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. இளைஞன் சொன்னான். “நான் அந்த எடத்துல பேசமாட்டேன் சார். ஒரு பொம்பளைய சபையில இழுத்துக்கினு வரான். பீஷ்மரு வாய மூடிக்கினு குந்தினு கீறாரு. நான் மட்டும் இன்னா தமாசு பேசறது?”

“கேட்டீங்களா சார்? பேசமாட்டாராம்” என்றார் வாத்தியார். “ஒரு ஊர்ல பேசாம நின்னாரு. இன்னா நடந்துச்சின்னு சொல்லுடா.”

அவன் சொல்லத் தயங்கினான். அவரே சொன்னார். அந்த ஊரில் துச்சாதனன் சேலையைப் பிடித்ததும் இவன் சபையின் ஓரத்தில் தலைகுனிந்து நின்றுவிட்டானாம். சற்று நேரம் நிசப்தம். பிறகு பின்வரிசையில் ஒரு விசில். இன்னொரு விசில். பையன்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்களாம். “நான் பேசினேன்னா சனம் என்னைப் பாக்கும் சார். நான் வாய மூடிக்கினா சேலையப் பாக்கும். அவ்ளோதான் விசயம்.”

இந்த வாக்கியத்தை அன்றிலிருந்து நான் மறந்ததில்லை. சிரிப்பைப் பற்றி நான் படித்த எதிலும் இது இல்லை. அரிஸ்டாட்டில், வலியோ அழிவோ தராத குறைபாடுதான் நகைப்புக்கு உரியது என்கிறார். அதன்படி துகிலில் நகைப்புக்கு இடமே இல்லை. பெர்க்ஸன் 1900இல் வெளியிட்ட நூலில், சிரிக்க வேண்டுமானால் இதயம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வேண்டும் என்கிறார். அதன்படி பசியாவரத்து ஜனங்கள் மரத்துப்போனவர்கள். ஆனால் அவர்களில் பலர் சிரித்த முகத்தோடே கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

கட்டியங்காரன் நிற்கிற இடம் விசேஷமானது. அரசர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னிருந்து வருகிறார்கள். அவனுக்குக் கட்டை கிடையாது. அவர்களை யார் என்று விசாரிப்பவன் அவன். அவனை யாரும் விசாரிப்பதில்லை. பதினெட்டுப் பர்வத்திலும் அவன் இல்லை. தோல்பாவைக்கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் கம்பனில் இல்லாதது போல. பாரதத்தில் அவனுக்கு ஒரு மூதாதையைத் தேடினால் பிராதிகாமியைச் சொல்லலாம். திரௌபதியை அழைத்து வர முதலில் அனுப்பப்பட்ட ஏவலாள். தருமன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்ற அவளுடைய கேள்வியைச் சபைக்குச் சுமந்து வந்தவன். மறுபடி போகச் சொன்னபோது அஞ்சித் தயங்கினான். அதன்பின்தான் துச்சாதனன் அனுப்பப்பட்டான். பெரியவர்கள் விழித்த அந்தக் கேள்வியைச் சபைக்குக் கொண்டுவந்தது ஒரு வேலைக்காரனின் வாய் என்பது கவனிக்கத்தக்கது.

ஷேக்ஸ்பியர் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறார். ‘லியர் அரச’னில் கோமாளி மூன்றாம் அங்கத்தின் ஆறாம் காட்சியோடு மறைந்துவிடுகிறான், பிறகு வருவதேயில்லை. அடுத்த காட்சியில்தான் கிளாஸ்டரின் கண்கள் பிடுங்கப்படுகின்றன. அங்கே பெயரில்லாத ஒரு வேலைக்காரன் எஜமானன் மேல் வாளை உருவி, செத்தும் போகிறான். சிரிக்க வைப்பவன் போனபின் கொடுமை. கொடுமைக்கு எதிராக வேறொரு ஏவலாள். கல்லூரியில் இதைப் படித்தபோது அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. கூத்து இந்த ஒழுங்கை ஏற்பதில்லை. கோமாளியை அனுப்பிவிடாமல் அங்கேயே நிறுத்தி வைக்கிறது. ஆனால் அவன் கையில் வாள் தருவதும் இல்லை. அவனால் செய்ய முடிந்ததெல்லாம் கண்களைத் தன் பக்கம் இழுப்பது. சேலையை வளர்ப்பது கண்ணன் வேலை. அது வரைக்கும் மறைப்பாக இருப்பது இவன் வேலை.

இப்படி எழுதி முடித்துவிட்டால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் படகு அதற்குள் கரை சேரவில்லை. இளைஞன் விடவில்லை.

“எல்லாம் சரி வாத்தியாரே. சனம் உன்னைப் பாக்கணும்னா உன்னைப் பத்திப் பேசு. அவ சேலையைப் பத்தி ஏன் பேசற? போன மாசம் அஞ்சு புருசன் கணக்கு சொன்னியே, அது யாரை மறைக்க?”

வாத்தியார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நேத்து சொல்லல” என்றார்.

“நேத்து சொல்லல.”

“சனம் கேக்குதுடா.”

“விசிலும் சனம்தான் வாத்தியாரே.”

இதற்கு அவரிடம் பதிலில்லை. எனக்கும் இல்லை. நாட்டார் கலைகளைக் கொண்டாடுகிற நாம் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிவிடுகிறோம். கட்டியங்காரனின் ஹாஸ்யத்தில் அரசனைக் கேலி செய்வது எவ்வளவோ, அவ்வளவு பெண்ணைக் கேலி செய்வதும் உண்டு, கீழே இருப்பவனைக் கேலி செய்வதும் உண்டு. ஸ்பெஷல் நாடகத்துப் பபூன்களைப் பற்றி 2005இல் நூல் வெளியிட்ட சூசன் சைசர், ஒரு பபூன் ஆபாசத்தை நெருங்கும்போது ஜனங்களை நேராகப் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும் வாத்தியக்காரர்களிடம் திரும்பிக்கொள்வதைக் கவனிக்கிறார். சொல்வதைச் சொல்லவும் வேண்டும், தான் சொன்னதாகவும் ஆகக்கூடாது. அந்த உடல் திருப்பத்தில் ஒரு குற்ற உணர்வு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தான் யார் பக்கம் நிற்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு சொல்கிறார். பேராசிரியர் உரையில் இவை தன்னிடம் தோன்றுவது, பிறரிடம் தோன்றுவது என்று இரண்டாகப் பிரிகின்றன. இதை நான் வெறும் வகைப்பாடு என்று நினைத்துக் கடந்திருந்தேன். இப்போது அதுவே ஒழுக்கத்தின் அளவுகோலாகத் தெரிகிறது. முகத்துவாரத்தைப் பணயம் வைத்தபோது எள்ளல் தன்மேல். அஞ்சு புருஷன் கணக்கு சொல்லும்போது எள்ளல் அவள்மேல். ஒரே மனிதன், ஒரே வேஷம். கட்டியங்காரன் நல்லவனா கெட்டவனா என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு பேச்சிலும் அவன் கண்களை எங்கே திருப்புகிறான் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை அவனுக்காக எந்தக் கோட்பாடும் முன்கூட்டித் தீர்த்துவைக்க முடியாது.

அதுவரை பேசாமல் தேங்காயெண்ணெய் தடவி முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் திரௌபதி வேஷக்காரர். நாற்பது வயதிருக்கும். மீசை இல்லாத முகம். அவரிடம் கேட்டேன்: நீங்கள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போது இந்தச் சிரிப்பு உங்களுக்கு எப்படி இருக்கும்?

“நல்லா கேக்கும் சார்” என்றார். “யாரு வாத்தியாரைப் பாத்து சிரிக்கறான், யாரு என்னைப் பாத்து சிரிக்கறான்னு கேக்கறப்பவே தெரிஞ்சிடும். ரெண்டும் வேற வேற சத்தம்.”

மற்ற இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இருவரின் வாதமும் அதோடு நின்றுவிட்டது. சிரிக்க வைப்பவனின் நோக்கத்தைப் பற்றியும் சிரிப்பவனின் மனத்தைப் பற்றியும் இவ்வளவு நேரம் பேசினோம். யாரைச் சுற்றி இந்தச் சிரிப்பு எழுகிறதோ அந்த ஆளுக்கு இது ஒரு பிரச்சனையே இல்லை. தத்துவச் சிக்கல் எல்லாம் அந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத்தான்.

இதை நான் இவ்வளவு நாள் எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. பசியாவரம் போவதற்குச் சில மாதங்கள் முன்பு என் கவுண்டரில் நடந்தது அது. ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த வயதான பெண். பென்ஷன் பணம். விரலை இயந்திரத்தில் வைக்கிறாள், ரேகை பிடிக்கவில்லை. வருஷக்கணக்காகத் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்களின் விரலில் ரேகை என்று பெரிதாக மிஞ்சுவதில்லை. நான்காவது முறையும் பிடிக்கவில்லை. வரிசை நீண்டுவிட்டது. பின்னால் முணுமுணுப்பு. நான் சொன்னேன்: “ஏம்மா, ரேகையெல்லாம் இறால் தின்னுடுச்சா?” வரிசை சிரித்தது. எரிச்சல் தணிந்தது. கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. கேட்டிருந்தால் வாத்தியாரின் வாதத்தையே நானும் சொல்லியிருப்பேன்: அந்த எரிச்சல் அவள்மேல் விழாமல் தடுத்தேன்.

ஆனால் கண்கள் என்மேல் வரவில்லை. அதுவரை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வரிசை, நான் சொன்னபின் அவளுடைய விரலைப் பார்த்தது. என் முதுகில் யாரும் அறையவும் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு யாரும் கட்டியங்காரன் ஆக முடியாது. அந்தச் சபையில் எனக்கு வேறு ஆசனம் இருந்தது.

அவள் கட்டைவிரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அவள் சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் வரிசையோடு சேர்ந்து சிரித்தேன்.