பொதுக் காற்றும் புகையும்

இறைவனுடைய அட்டமூர்த்தங்களுள் காற்றும் ஒன்றென்பது சைவர் துணிபு. அதனை மாசுறுத்த எவர்க்கு உரிமையுண்டு? 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவிடங்களிற் புகைத்தலைத் தடுத்ததேனும், திறந்தவெளியை நீக்கிற்று. 2008 ஆம் ஆண்டு விதிகள் பேருந்து நிலையம் முதலியவற்றைத் தடைக்குட்படுத்தின. 2019 இல் மின்சிகரெட்டின் விற்பனையே தடுக்கப்பட்டது. வில்லியனூர்த் தேர்வீதி, பாகூர் ஏரிக்கரை போன்ற வெளிகளோ விதிகளிற் பெயர் சுட்டப்படவில்லை.

அவற்றிற்கும் தடையை விரித்தல் தகுமோ எனின், “வெட்டவெளியிற் புகை கலைந்துபோம், உழைப்பாளியின் பீடிக்குத் தடை எற்றுக்கு?” என்பர் ஒருசாரார். கலையுமுன் அஃது அருகிருக்குங் குழவியின் மூச்சிற் புகுதலை அவர் கருதிலர். ஆதலின் தடை தக்கதே.

ஆயினும் புகைப்பானை இகழ்தல் நெறியன்று. அவன் பழக்கமென்னும் பாசத்தாற் கட்டுண்ட உயிர். நாட்கூலியாளனுக்கு 200 ரூபாய்த் தண்டம் பெரிது. அக்கட்டினை அவிழ்க்கும் மருத்துவத் துணையை ஊர்தோறும் அளித்தல் வேண்டும். அஃதின்றித் தண்டம் ஒன்றே விதித்தல் அறமாகாது என்க.