ஈகையும் உடைமையும்

ஈகையே அறத்தின் சிகரமென்று பரம்பரையாகக் கேட்டு வந்திருக்கிறோம். ஆயினும் கொடுப்பவனை உயர்த்தும் அத்தர்மம், வாங்குபவனை என்றைக்கும் வாங்குபவனாகவே வைத்துவிடுமானால் அதனைப் பூரணமான அறமென்று கொள்ளலாகுமா என்னும் வினா, கரும்புத் தோட்டங்களுக்காகத் தமிழ்க் கூலிகள் கொண்டுவரப்பட்ட இந்தப் பாகான் செராய் வட்டாரத்தில் வாழும் நமக்கு வெறும் ஏட்டு விசாரமன்று.

இதே பேராக்கில், சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தலைவராகவும், நாடாளுமன்ற உறுப்பினராகவும், அமைச்சராகவும் விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன், தந்தை வைத்துச் சென்ற ரப்பர்த் தோட்டச் செல்வத்தில் பெரும்பகுதியைப் பொதுவாழ்விலேயே கரைத்தார். அந்தத் தியாகம் பெரிதுதான். எனினும் அவருடைய தர்மத்தின் உச்சம் அதுவன்று என்பது என் துணிபு.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்க, லயத்தில் பிறந்து வளர்ந்த தொழிலாளி வேலையையும் கூரையையும் ஒருங்கே இழந்தான். அப்போது சம்பந்தன் அன்னதானம் செய்யப் புறப்படவில்லை. மனைவி உமாவுடன் தோட்டந்தோட்டமாகச் சென்று, பால்மரம் வெட்டும் கைகளிடமே, தோட்டம் வாங்குவதற்கான பங்குப்பணத்தைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கேட்டார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் உடைமையாயிற்று.

ஏழையிடம் கேட்பது அதர்மமல்லவா? 'யான், எனது' என்னும் செருக்கை அறுக்கச் சொன்ன சமயத்தில் பிறந்தவர், கூலிக்காரனுக்கு 'எனது' என்பதைக் கற்பிக்கலாமா? இவ்விரண்டாம் ஆட்சேபமே என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. எனதென்று சொல்ல ஒரு பிடி மண்ணும் இல்லாதவன் எதைத் துறப்பான்? அவனுடைய இல்லாமையைத் துறவென்று போற்றுவது, உள்ளவர்கள் தமக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமே. சம்பந்தன் கேட்ட பத்து வெள்ளி, தொழிலாளியைப் பிச்சை ஏற்பவன் நிலையினின்று பங்காளி நிலைக்கு உயர்த்தியது. கொடுத்தவனும் பெற்றவனும் ஒருவனே ஆனபின், அங்கே தாழ்ந்த கை என்று ஒன்று இல்லை.

1979 மே 18-இல் அவர் காலமானார். சங்கம் இன்றும் நடக்கிறது. உங்கள் தாத்தா பாட்டியின் பங்குப் பத்திரம் வீட்டுப் பெட்டியில் கிடக்குமாயின், அதனை உரிய வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொண்டு, சங்கத்தின் காரியங்களில் உங்கள் குரலையும் சேர்த்திடுங்கள்.