பத்து நாள் ஊழியம்

நீண்ட பள்ளி விடுமுறை நெருங்கினால் பினாங்கின் ஆயர் ஈத்தாம் வட்டாரச் சபைகளில் அந்த அறிவிப்பு வந்துவிடும்: மிஷன் பயணத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆராதனை முடிந்ததும் செயலாளரைப் பார்க்கவும். கம்போடியா, வட தாய்லாந்து, தமிழ்நாட்டுக் கிராமங்கள், இலங்கை மலையகம் என்று இடங்கள் மாறும். நாள் கணக்கு மாறாது. பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம். அதற்குமேல் யாருக்கும் லீவு கிடைப்பதில்லை.

போகத்தான் வேண்டுமா, அந்தப் பணத்தை அனுப்பினால் போதாதா என்ற கேள்வியும் கூடவே எழும். கேட்பவர்கள் பக்தி குறைந்தவர்கள் அல்ல. எங்கள் சபையில் கணக்கு வழக்குப் பார்க்கும் அண்ணன் ஒருவர் விமான டிக்கெட், தங்குமிடம், வேன் வாடகை, பிள்ளைகளுக்கான பரிசுப் பொருட்கள் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுவார். அந்தத் தொகையில் அங்கேயே இருக்கிற ஓர் உபதேசியாருக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்கலாம். அவர் கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதைச் சொல்ல எனக்கு ஒரு திருநெல்வேலிக்காரரின் துணை வேண்டும்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஊர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. 1902-இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் காசில், கடலுக்கு அப்பால் தொண்டிப் பக்கம் ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அந்தச் சங்கத்தின் ஊழியர்கள் நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கலுக்குப் போனார்கள். மொழி வேறு, சாப்பாடு வேறு, அரசும் வேறு. கப்பல் ஏறாமலே அது வெளிதேச ஊழியம்தான். 1909-இல் அசரியாவும் போனார். தெலுங்கு கற்றார். 1912-இல் அங்கேயே பேராயரானார். 1945-இல் இறக்கும்வரை அந்த மக்களோடுதான் இருந்தார்.

தோர்ணக்கலுக்குப் போனதற்கும் பேராயரானதற்கும் நடுவில், 1910 ஜூன் மாதம், எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறக்குறைய 1,200 பேராளர்கள். ஆசியச் சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. முப்பத்தைந்து வயது அசரியா அந்தச் சபையில் எழுந்து, மிஷனெரிகள் செய்த தியாகங்களையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்டார். கொடுத்ததையெல்லாம் சொல்லிவிட்டு, கொடுக்காமல் விட்டது நட்பு என்றார். இந்திய ஊழியரோடு கைகுலுக்காத, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடாத அன்பு அவருக்குப் போதவில்லை. மண்டபத்தில் இருந்த பலருக்குக் கோபம் வந்தது. இன்று அந்த மாநாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் நினைவுகூர்வது அந்தப் பேச்சைத்தான்.

கணக்குப் பார்க்கும் அண்ணனுக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பலாம். நட்பை அப்படி அனுப்ப முடியாது, ஆள் போக வேண்டும். ஆனால் இதே பேச்சு, போகிறவர்களான எங்களையும் சும்மா விடுவதில்லை. போனால் நட்பு வந்துவிடுகிறதா?

எங்கள் குழு போனது இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு. அங்கே தமிழ் ஊழியத்தின் வரலாறு நீண்டது. 1854-இல் சர்ச் மிஷன் சங்கத்தார் கண்டி மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார்தான் மலையேறிப் போனார்கள். தங்கள் இனத்தவர் கூலிக்குப் போன இடத்துக்கு அவர்கள் பின்னாலேயே போன ஊழியம் அது. எங்கள் பினாங்குச் சபைகளுக்கும் அதே வேர் உண்டு. திருச்சியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி வந்தவர்களில் சிலர் மண்டபம் முகாம் வழியே இலங்கைக்குப் போனார்கள், சிலர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் எங்கள் சபைப் பாட்டிமாருக்கு இன்றும் மனப்பாடம்.

லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடு ஒன்றில் எங்களை உட்கார வைத்து பிளேன் டீ கொடுத்தார்கள். பேச்சு எப்படியோ குடியுரிமைக்குப் போனது. 1948 சட்டம் அந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று தலைகளை எண்ணிப் பிரித்தது. அந்த வீட்டுப் பெரியவரின் அக்கா அப்படிப் போனவர், அவரைத் திரும்பப் பார்க்கவே இல்லை. எங்களோடு வந்திருந்த ஓர் அம்மா அதுவரை பேசாமல் இருந்தார். அவர் தன் தாயாரின் சிவப்பு அடையாள அட்டையைப் பற்றிச் சொன்னார்: மலேசியாவில் எத்தனையோ ஆண்டு உழைத்தும், குடியுரிமை கிடைக்காமலே அந்தச் சிவப்பு அட்டையோடு இறந்துபோன கதை. அதற்குப்பின் அந்த அறையில் ஊழியம் செய்ய வந்தவர் யார், பெற்றுக்கொள்பவர் யார் என்ற பிரிவு இல்லை. நாங்கள் தயாரித்துக் கொண்டுபோன நாடகமோ பாட்டோ செய்யாததை அந்தப் பேச்சு செய்தது. எந்தத் திட்டத்திலும் இல்லாத மத்தியானம் அது.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் அந்த ஊர் உபதேசியார் என்னைத் தனியே கூப்பிட்டார். "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்று தயங்கித்தான் ஆரம்பித்தார். வெளிநாட்டிலிருந்து குழுக்கள் வந்து போன பிறகு பல வாரங்களுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லையாம். "கையத்தான் பாக்குறாங்க. என்ன கொண்டாந்திருக்கேன்னு." வருடம் முழுக்க மழையில் லயம் லயமாக ஏறி இறங்குகிறவர் அவர். பரிசுப் பையும் கேமராவுமாக வருகிறவர்கள் பத்தே நாளில் அவரை அவருடைய பிள்ளைகள் முன்னாலேயே ஏழையாக்கிவிடுகிறார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அவர் பதிலை எதிர்பார்த்தும் சொல்லவில்லை. நண்பரிடம் சொல்வதுபோலச் சொன்னார். பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

பழைய மிஷனெரிகளிடம் நமக்கு எத்தனையோ மனக்குறை உண்டு. ஆனாலும் அவர்களில் சிறந்தவர்கள் தங்கினார்கள். லண்டன் மிஷனெரி சங்கத்தின் தாமஸ் பெய்ட்டன் 1819-இல் பினாங்குக்கு வந்து 1844-இல் இங்கேயே இறந்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847-இல் வந்து, இடையில் சில ஆண்டுகள் தவிர 1873 வரை இருந்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் அரசாங்க வேலை தேடிப் போய்விடுவதையும் கிராமங்கள் மருத்துவர் இல்லாமலே கிடப்பதையும் பார்த்து, பாடம் முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார்கள் அவரும் அவர் மாணவர்களும். தான் போன பிறகும் அந்த ஊரில் மருத்துவம் நிற்கக் கூடாது என்பதே அவர் கவலை. பத்து நாள் போகிற நாம் கிறீன் ஆக முடியாது. ஆனால் நாம் போன பிறகு அந்த ஊர் ஊழியரின் கை வலுக்குமா தளருமா என்று கேட்டுக்கொள்ள ஒரு நாள்கூடத் தேவையில்லை.

எனக்கு வியப்பாக இருப்பது, போன இடத்தில் இப்படி யோசித்து நடப்பதை நாங்கள் புதிதாகக் கற்க வேண்டியிருப்பதுதான். ஆயர் ஈத்தாமில் கிறிஸ்தவர்கள் சிறு கூட்டம். தலை நிமிர்ந்தால் மலைச்சரிவில் கெக் லோக் சி கோயில். சீனப் புத்தாண்டுக்கு அதன் விளக்குகள் எங்கள் ஜன்னல்வரை தெரியும். பக்கத்து வீட்டில் மலாய்க்காரர், எதிர் வீட்டில் முருக பக்தர். இஸ்லாமியரிடையே பிற சமயத்தைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்கிறது மலேசிய அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு. ஆகவே எங்கள் விசுவாசத்தைப் பெரும்பாலும் நடத்தையால்தான் காட்டி வந்திருக்கிறோம். பெருநாளுக்குப் போகிறோம், கிறிஸ்துமஸுக்குத் திறந்த இல்ல உபசரிப்பு வைக்கிறோம், வருகிறவர் எதைச் சாப்பிடுவார், எதைச் சாப்பிட மாட்டார் என்று தெரிந்து சமைக்கிறோம். விருந்தாளியாக இருக்கவும் விருந்தோம்பவும் இந்தத் தீவு எங்களைப் பழக்கியிருக்கிறது. விமானம் ஏறியதும் அதையெல்லாம் மறந்து ஒலிபெருக்கியும் ஒரே நிறச் சட்டையுமாக இறங்குவது ஏன்?

திரும்பி வந்தபின் சபைக் கூட்டத்தில் நீண்ட விவாதம் நடந்தது. பரிசுப் பொருட்களை இனி நாங்கள் கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டியது இருந்தால் உபதேசியார் கையில் முன்கூட்டியே சேர்த்துவிடுகிறோம், எப்போது, யாருக்கு என்பது அவர் பொறுப்பு. ஆண்டுக்கொரு நாடு என்பதையும் விட்டோம், அதே தோட்டங்களுக்கே போகிறோம். இதில் சில இளைஞர்களுக்கு ஏமாற்றம் உண்டு. புது இடம் பார்க்கும் ஆசை தவறல்ல, ஆனால் அதற்குச் சுற்றுலா போகலாம்.

மூன்றாவது முடிவுக்குத்தான் எதிர்ப்பு அதிகம். மிஷன் நிதியில் ஒரு பங்கை எடுத்து உபதேசியாரை இங்கே அழைத்தோம், பிரசங்கம் பண்ண அல்ல, விருந்தாளியாக. ஊழியப் பணத்தில் ஒருவருக்கு ஊர் சுற்றிக் காட்டுவதா என்று கேட்டார்கள். அவர் ஊர் சுற்றியது கொஞ்சம்தான். பண்டார் பாரு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளில் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். மின்தூக்கி பழுதானால் ஞாயிறு ஆராதனைக்கும் வர முடியாதவர்கள். லயம் ஏறிய கால்களுக்கு மாடிப்படி பெரிதாகத் தெரியவில்லை போலும். வீடு வீடாகப் போய், அவசரமில்லாமல் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். சில வீடுகளுக்கு நாங்களே அவரோடுதான் முதன்முறையாகப் போனோம்.

கணக்குப் பார்க்கும் அண்ணன் இப்போது உபதேசியாருக்கும் அவர் மனைவிக்குமாக இரண்டு டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். யார் வீட்டில் தங்குவார்கள் என்பதில்தான் இன்னும் இழுபறி. மூன்று வீட்டார் கேட்டிருக்கிறார்கள்.