மூன்று நாடா, ஒரு சேலை



காஞ்சிபுரத்தை ஒட்டி, பாலாற்றங்கரையில் இருக்கிறது ஓரிக்கை. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை மன்னன் ஊரை விட்டுத் துரத்தினான். சீடனோடு ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் அழைக்க, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே ‘ஓரிரவிருக்கை’. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பது ஐதீகம். பிள்ளைகள் போகும் இடத்துக்கு நாராயணர் கூடவே போவார் என்று அந்த ஊரின் பெயரே சொல்லுகிறது.

தெற்கே இருந்து பிழைப்புக்காக அந்த ஊருக்குப் போன ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். கணவருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. மனைவி நடுநிலைப் பள்ளி ஆசிரியை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன், வயதான மாமியார். நாலரை மணிக்கு எழுந்தால்தான் எட்டரைக்கு அவள் பள்ளிக்குக் கிளம்ப முடியும். மாலையில் திரும்பினால் அடுப்பும், மகனின் வீட்டுப்பாடமும், திருத்த வேண்டிய நோட்டுகளும் காத்திருக்கும். சுவாமிதோப்புப் பதிக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன.

இந்த நிலையில் வந்தது 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் பணிக்காலம் உள்ள ஆசிரியர்கள், முன்பே வேலையில் சேர்ந்தவர்களானாலும், 2 ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவள் தானே பரீட்சை எழுத வேண்டும். கேள்விகள் 150. அதற்குப் படிக்க நேரம் எங்கே?

“இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா படிப்பு?” என்று மாமியார் கேட்பார். கணவர் ஒன்றும் சொல்லமாட்டார். சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார். இரவு பத்து மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் அவளுக்குத் தூக்கம் வருகிறது. மகனைக் கவனிக்கவில்லையே என்று மனம் குத்துகிறது. அய்யாவை நினைக்கக்கூட நேரமில்லையே என்ற கவலை வேறு.

அவள் நடந்து போகும் தெருவிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று நாடா ஓட வேண்டும். கை தேர்ந்த நெசவாளரானாலும் அதைத் தனியாக நெய்வதில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கிறார். கரை உடலோடு பின்னிக்கொள்வதால்தான் சேலை பிரியாமல் நிற்கிறது.

பள்ளி, வீடு, தன் படிப்பு என்ற மூன்று நாடாவையும் ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு, “அய்யா பார்த்துக்கொள்வார்” என்று சொல்வது பக்தியாகுமா?

அய்யா நடத்திய வழியைப் பாருங்கள். துவையல் தவசுக்கு ஆண்களை மட்டும் அழைத்துக்கொண்டு பெண்களை அடுப்படியில் விட்டுவிடவில்லை. வாகைப்பதியில் எழுநூறு குடும்பங்கள் பெண்டு பிள்ளைகளோடு கூடியிருந்து தவசு இருந்தன. முத்திரிக் கிணற்றில் எல்லாரும் ஒன்றாக நீர் இறைத்தார்கள், ஒரே பந்தியில் உண்டார்கள். கீழே அழுந்திக் கிடப்பவரைத் தூக்கி நிறுத்துவதுதான் அய்யா சொன்ன தர்மம். அந்தத் தர்மத்தை ஊருக்குச் செய்யுமுன் வீட்டுக்குள் செய்ய வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை பதியில் பணிவிடை செய்கிற கை, திங்கட்கிழமை வீட்டில் ஒரு பாத்திரத்தைக் கழுவினால் அதுவும் பணிவிடைதான்.

தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் தாய்மாருக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். சட்டம் அவ்வளவு கொடுக்கும். பிள்ளை வளர்ந்து ஆளாகும் மீதி வருடங்களுக்கு உதவி கொடுக்க வேண்டியது வீடு. மகனின் வீட்டுப்பாடத்தைத் தகப்பன் பார்க்கலாம். தினமும் ஒரு மணி நேரம் அவளைத் தொந்தரவு செய்யாமல் படிக்க விடலாம். “நீ படி மக்களே, நான் பார்த்துக்கிடுதேன்” என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னால், அவள் மனத்தில் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். உதவி கேட்பது குறைவல்ல. உங்களுக்கென்று ஒரு விருப்பம் இருப்பது சுயநலமும் அல்ல. நம் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பது ஏன்? உனக்குள் இறைவன் இருக்கிறான், உன்னையே தாழ்வாக எண்ணாதே என்பதற்காக. மனைவி, தாய், ஆசிரியை என்ற பேர்களுக்கு அப்பால் அந்தக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிகிறதே, அதையும் பேண வேண்டும்.

வழிபாட்டுக்கு நேரமில்லை என்று வருந்த வேண்டாம். குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, இரண்டு நிமிடம் அய்யாவை நினையுங்கள். ஒரு நாளும் விடாமல் செய்யுங்கள். பதி தூரத்தில் இருந்தாலும் அய்யா தூரத்தில் இல்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு பக்தன் பின்னால் நடந்த நாராயணர், பள்ளிக்கூடத்துக்கு ஓடும் மகளின் பின்னாலும் நடப்பார். தேர்வு அறைக்கும் வருவார்.

ஆனால் தறியில் பக்கத்தில் உட்கார வேண்டியவர்கள் நாம்தான். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அந்த இடத்தில் உட்காருங்கள்.

அய்யா உண்டு.