மருந்துத் துன்பமும் மறுப்பின் அறமும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறள், மருத்துவத்தின் கூறுகள் நான்கனுள் நோயுற்றவரையே முதலில் வைக்கிறது. அவருக்குரிய இயல்புகளாகச் செல்வம், மருத்துவர் சொல்வழி நிற்றல், நோய்நிலையை எடுத்துரைத்தல், மருந்தால் வரும் துன்பத்தைத் தாங்குதல் ஆகியவற்றைப் பரிமேலழகர் சுட்டுகிறார். செல்வத்தை விடுத்து (அதுவும் சிறு சிக்கலன்று) ஏனைய மூன்றும் தம்முள் முரணும்போது எதற்கு முதன்மை தருவது என்பதே இங்கு எழும் வினா.

முதுகுத்தண்டில் காயமுற்றவருக்கும் காலை இழந்தவருக்கும் இயன்முறைப் பயிற்சி பெரும்பாலும் வலியுடனேயே அமைகிறது. மூட்டை நாள்தோறும் நீட்டாவிடில் அது மடங்கியவாறே இறுகிவிடும். ஆகவே பயிற்சியாளர் வற்புறுத்துகிறார். நோயாளி மறுத்தால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதப்படுகிறது. மருத்துவக் குறிப்பின் வடிவில் வரினும் இஃது ஒரு நடத்தைத் தீர்ப்பே எனலாம். லாரிச் சக்கரத்தின் அடியில் சிக்கி மீண்டவரைப் பின்னிருந்து திடீரெனப் பற்றும் கை, அந்த நொடியையே மீண்டும் கொண்டுவரக்கூடும். வன்முறைக்கு ஆளான பெண்ணைப் படுக்க வைத்துத் தொடையைப் பிடித்து நீட்டுவதும் அத்தகையதே. அவர்தம் உடல் விலகுவது பிடிவாதமன்று. சொல்லால் இயலாத நோய்நிலையை உடல் எடுத்துரைக்கிறது.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றை 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் கையேடு தனி நோயாக ஏற்றது. அதன்பின் வளர்ந்த பராமரிப்பு முறைகள் கேட்பவை எளியவை: தொடுமுன் சொல்லுதல், இசைவு பெறுதல், நிறுத்துவதற்கு ஒரு சைகையை முன்னரே வகுத்தல், நடந்ததை விவரிக்குமாறு வற்புறுத்தாதிருத்தல். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, பின்னர் அங்கேயே மறுவாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்தினார். உற்றவரும் தீர்ப்பவரும் ஒருவரேயாதல் அரிது. ஏனையோர் கேட்டே அறியவேண்டும்.

மறுப்பை மதித்துக் காத்திருந்தால் மூட்டு இறுகிவிடாதா என்னும் தடை வலுவானது. நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும் அரசு மருத்துவமனையில் அது மேலும் வலுப்பெறுகிறது. எனினும் இன்று நிறுத்துதல் கைவிடுதல் ஆகாது. படுக்கும் நிலையை மாற்றலாம், பயிற்சியாளரை மாற்றலாம், நோயாளியின் கையாலேயே அவர் காலை நீட்டச் செய்யலாம். அனைத்தையும் செய்த பின்னும் அவர் மறுப்பாராயின், விளைவை மறையாது விளக்கிவிட்டு, மறுநாளும் சென்று இசைவு கேட்பதே பயிற்சியாளரின் கடன். அந்த மூட்டு நோயாளியுடையது.