கெடு வைத்த மன்னிப்பு

2015-இல் வந்த இரண்டு படங்களுக்கு ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடு. ஒன்று அல் பசீனோ நடித்த 'டேனி காலின்ஸ்'. இன்னொன்று நம்ம 'உத்தம வில்லன்', கமல் எழுதி ரமேஷ் அரவிந்த் இயக்கியது. வயசான நட்சத்திரம், உரிய கைக்குப் போய்ச் சேராத கடிதம், அப்பா இல்லாமலே வளர்ந்த பிள்ளை. (டேனியின் கடிதம் நிஜத்திலிருந்து எடுத்தது. 1971-இல் ஸ்டீவ் டில்ஸ்டன் என்ற பாடகருக்கு ஜான் லெனன் எழுதினார். அப்படியொரு கடிதம் இருப்பதே டில்ஸ்டனுக்கு 2005-இல்தான் தெரிந்தது.)

சாகப்போகிறவர் கேட்கும் மன்னிப்பை மறுக்க முடியுமா? எனக்கு உறுத்துவது இதுதான்.

மனோரஞ்சனுக்கு மூளையில் கட்டி. மகனோடு பந்து விளையாடிக்கொண்டே அதைச் சொல்லும் காட்சியில் நானும் அழுதேன், பொய் சொல்லல. அழுது முடித்த பிறகுதான் தோன்றியது: அந்தப் பையனுக்கு வேறு வழி என்ன இருந்தது? வருஷக்கணக்கான கோபத்தை வைத்துக்கொள்ள இடமே இல்லாமல் போய்விட்டது. டேனி கதையில் நோய் மகனுக்கு. அப்பாவுக்குக் கெடு கிடையாது. மகன் விரட்டினால் மறுபடி வந்து நிற்கத்தான் வேண்டும். ஹாலிவுட் சர்க்கரை தூக்கல்தான். ஆனாலும் மகனுக்கு 'போ' என்று சொல்லும் உரிமையைக் கொடுத்த படம் அது.

இங்கே ஜொகூர் பாருவில் அப்பாக்கள் நட்சத்திரங்கள் இல்லை. விடியுமுன் மோட்டாரில் காஸ்வே தாண்டி சிங்கப்பூரில் வேலை. திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். கேட்டால், "உங்களுக்காகத்தானே ஓடுறேன்". பொய் இல்லை. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் வருகிறது. என் வயசுக்காரர்கள் பலர் அந்தக் காசில்தான் டிகிரி முடித்தோம். மனோகருக்குக் கட்டி செய்ததை எங்களுக்குச் சம்பளம் செய்தது. இவ்வளவு செய்தவர்மேல் எப்படிக் கோபப்படுவது?

மனோரஞ்சன் தன் மிச்ச நாட்களையும் பெரும்பாலும் படப்பிடிப்புக்கே கொடுக்கிறார். குரு மார்க்கதரிசி இயக்கத்தில் ஒரு கடைசிப் படம். (குருவாக நடித்த பாலசந்தர் 'உத்தம வில்லன்' வெளிவருமுன் 2014 டிசம்பரில் போய்விட்டார்.) கமல் இதை ஒளிக்கவில்லை, சரி. ஆனால் பார்க்கிற நாம் கலைக்காக என்று உடனே மன்னித்துவிடுகிறோம். லாரி ஓட்டுகிற அப்பாவுக்கு அந்தச் சலுகை கிடைக்குமா?

அந்த அப்பாக்கள் பலர் இப்போது ரிட்டயர் ஆகி ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கெடு எதுவும் இல்லை, பேச நேரம் நிறைய. மகன்தான் வீட்டில் இல்லை. நாலு மணிக்கே பாலத்துக்குக் கிளம்பிவிட்டான்.